எழுதி முடித்த பிறகு படிக்கவும் படம் பார்க்கவும் முடியவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். இருப்பது தண்டையார்பேட்டை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை வைத்து எழுதிய நாவலின் முதல் வரைவு தை மாதம் முடிந்தது. ஆடிக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வரைவுக்கும் நடுவில் படமும் புத்தகமும்தான் எனக்கு ஓய்வு. இந்த முறை அது வேலை செய்யவில்லை.

வேறொருவர் நாவலைத் திறந்தால் இரண்டாவது பத்தியிலேயே மனசு அதைத் திருத்த ஆரம்பிக்கிறது. 'இந்த வினைச்சொல் எதற்கு, இந்த உரையாடலை வெட்டலாமே' என்று. படத்தில் இடைவேளை எங்கே விழும் என்று கணக்குப் போடுகிறேன், அழ வேண்டிய காட்சியில் வசனம் மட்டும் தனியாகக் கேட்கிறது. தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

வீட்டில் பார்ப்பதால்தான் இப்படியோ என்று தியேட்டருக்குப் போனேன். நடந்தே போய்வந்த அகஸ்தியா 2020-லேயே மூடிவிட்டதால் இப்போது பெரம்பூர் வரை போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் அதே கதைதான். அப்புறம் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து பயணநூல், வாழ்க்கை வரலாறு எல்லாம் எடுத்துப் பார்த்தேன். மொழி தெரியாத படத்தைச் சப்டைட்டில் இல்லாமலும் பார்த்தேன். கொஞ்சமாவது பலன் தந்தது பழைய முத்து காமிக்ஸ் மட்டும்தான். கண் படத்திலேயே நின்றுவிடுவதால் வாக்கியத்தை நோண்டத் தோன்றவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் புத்தகம் முடிந்துவிடுகிறது.

இங்கே எழுதுகிறவர்களிடம் ஒரே கேள்வி: வரைவு முடிந்த கையோடு, திருத்தும் புத்தி எட்டிப் பார்க்காமல் உங்களை முழுசாக உள்ளே இழுத்துக்கொண்ட புத்தகமோ படமோ எந்த வகை?