அழைப்பிதழில் "மொய் தவிர்க்கவும்" என்று அச்சிடலாமா?

வைகைக்கரையான்:
தை மாதத்தில் என் மூத்த மகனுக்குத் திருமணம் வைத்திருக்கிறோம். எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில், அதன் அடியில் "மொய் தவிர்க்கவும்" என்று ஒரு வரி சேர்த்தே ஆக வேண்டும் என மகன் பிடிவாதமாக நிற்கிறான். நான் மறுத்துவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள்.

1974இல் நடந்த என் அத்தையின் திருமண மொய் நோட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் தாய்மாமன் பெயரில் 51 ரூபாய். பிறகு ஊரார் வரிசை: ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், சிலர் பெயருக்கு எதிரே பணத்துக்குப் பதிலாக "அரிசி 2 மரக்கால்", "பூசணி 4". அந்தப் பணமும் பண்டமும் சேர்ந்துதான் பந்திச் செலவைத் தாங்கின என்று என் தந்தை சொல்வார். நானும் முப்பது ஆண்டுகளாக உறவினர், ஊரார் வீட்டு விசேஷங்களில் ஒரு செய்முறையும் (மொய் வைப்பதை இப்படித்தான் சொல்வோம்) விடாமல் செய்து வந்திருக்கிறேன். அவர்கள் திருப்பிச் செய்ய வரும் நாளில் வாசலில் நின்று வேண்டாம் என்று சொல்வது, நீட்டிய கையைத் தட்டிவிடுவது ஆகாதா?

ஓசூர்ப் பயணி:
ஐயா, உங்கள் மகனுடைய தரப்பில் நின்று பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதி வைத்து, என்றாவது திரும்பி வரும் என்று காத்திருக்கும் பணத்தை அன்பளிப்பு என்று என்னால் அழைக்க இயலவில்லை; அது பத்திரமில்லாத கடன். கடனாகவும் அது நட்டக் கடன். 1992இல் என் தந்தை வைத்த 101 ரூபாய்க்குக் கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தங்கம் வாங்கியிருக்கலாம். இன்று அதே தொகை இருவர் சிற்றுண்டிக்கே பற்றாது. அவர் இறந்த பிறகு அந்த நோட்டு என் கைக்கு வந்தது. அதிலுள்ள இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்களில் முப்பது பேரின் முகம் எனக்குத் தெரிந்தால் அதிகம். வைகாசியில் ஆறு முகூர்த்தங்களுக்கு விடுப்பு எடுத்து, அறியாத வீடுகளில் உறை கொடுத்துவிட்டுத் திரும்பும் கடமையை என் தலைமுறை ஏன் சுமக்க வேண்டும்?

வைகைக்கரையான்:
தம்பி, 101க்கு 101 என்று யாரும் திருப்புவதில்லை. பழைய மொய்யோடு புது மொய்யும் சேர்த்துச் செய்வதே எங்கள் பக்கத்து வழக்கம். வாங்கியதை மட்டும் அப்படியே திருப்பினால், கணக்கு முடிந்தது, இனி வந்து போக வேண்டியதில்லை என்று பொருள். கடன் தீர்ந்தால் உறவும் தீரும் என்பதால்தான் அதைத் தீராமலே வைத்திருக்கிறோம்.

தென்னங்கீற்று:
இதே ஏற்பாடு எங்கள் பேராவூரணிப் பக்கத்தில் எங்கே போய் நின்றிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆடி மாதத்தில், வீட்டில் திருமணமோ காதுகுத்தோ எதுவுமே இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைக்கிறோம். செலவு குறைய நான்கைந்து பேர் கூடி ஒரே பந்தலில் கறிச்சோறு போடுவதும், ஒவ்வொருவர் பெயருக்கும் தனி மேசை இடுவதும் உண்டு. அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்களையும் கடை வைத்தவர்களையும் நான் அறிவேன். எந்த வங்கியும் அவர்களை நம்பிக் கடன் கொடுத்திருக்காது. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பிறகு, திருப்பிச் செய்ய வழியில்லாமல் விருந்து நாளில் ஊரிலேயே இல்லாதவாறு பார்த்துக்கொண்டவர்களையும் அறிவேன். கடன் தீராமல் இருப்பது உறவுக்கு நல்லது என்று அண்ணன் சொல்வது, கையில் பணம் இருக்கும் ஆண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

கயல்:
அண்ணனும் தம்பியும் ஒரே பணத்தைப் பற்றிப் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை. என் பாட்டி காலத்தில் திருமணம் வீட்டு வாசலில் நடந்தது. தெருப் பெண்கள் முந்தைய இரவே வந்து காய் நறுக்கினார்கள். ஆண்கள் பந்தல்கால் நட்டுக் கீற்று வேய்ந்தார்கள். பந்தி பரிமாறியதும் இலை எடுத்ததும் அவர்களே. அந்த உழைப்பை யாரும் நோட்டில் எழுதவில்லை, இருந்தும் அடுத்த வீட்டுத் திருமணத்தில் அது தவறாமல் திரும்பிச் சென்றது. மண்டபம் வந்து, சமையல் ஒப்பந்தக்காரர் இலைக்கு இவ்வளவு என்று விலை பேசத் தொடங்கியதும், உறவினருக்கு மிஞ்சிய ஒரே வேலை உறையை நீட்டுவது என்றாகிவிட்டது. பத்துக் கடமைகளில் ஒன்றாக இருந்தபோது மொய் உறுத்தவில்லை.

இன்னொன்று. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985இல் வந்த விதிகள், மணமகளுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியலும் மணமகனுக்கு வந்தவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதி, கொடுத்தவர் பெயரையும் உத்தேச மதிப்பையும் குறித்து, இருவரும் கையொப்பமிட்டு வைக்கச் சொல்கின்றன. ஒரு ரூபாய் மொய்யையும் விடாமல் எழுதும் நாம், பெண்ணுக்குப் போட்ட நகையை அப்படி எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. என் தங்கையின் மணவாழ்க்கை முறிந்து, பொருள்களைத் திருப்பிக் கேட்டபோது எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அவளுடைய திருமண மொய் நோட்டு மட்டும் தந்தையின் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

ஓசூர்ப் பயணி:
அக்கா சொன்ன உழைப்புக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது: உழைப்பு போன பிறகு மொய் மட்டும் ஏன்? சடங்கை மாற்ற நாம் அஞ்சியதில்லை. புரோகிதர் இல்லாமல், மாலையோ மோதிரமோ மாற்றியோ தாலி கட்டியோ நடக்கும் திருமணமும் செல்லும் என்று 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஏற்றது. என் பெற்றோர் அப்படித்தான் மணந்தார்கள். மேடையில் புரோகிதர் இல்லை. வாசலில் மொய் எழுதுபவர் இருந்தார்.

தென்னங்கீற்று:
இப்போது அவரும் கணினியோடுதான் வருகிறார், தம்பி. பணம் வைத்த கையோடு ரசீது அச்சாகிறது, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. நோட்டைத் தொலைத்துவிட்டோம் என்று இனி யாரும் தப்ப முடியாது.

வைகைக்கரையான்:
கயல் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு அத்தை திருமண நோட்டை மறுபடி புரட்டினேன். பெண் பெயர் மூன்றே இருக்கின்றன, மூவரும் கணவரை இழந்தவர்கள். மற்றப் பெண்கள் எல்லாம் "இன்னார் வீட்டார்" என்பதற்குள் அடங்கிவிட்டார்கள்; ஐம்பது ஆண்டுகளாக இது என் கண்ணில் படவில்லை.

மகன் நேற்று ஒரு வழி சொன்னான்: பழைய மொய்யை மட்டும் வாங்கிக்கொள்வோம், புது மொய்யை வேண்டாம் என்போம். அதற்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று மேலே நானே எழுதிவிட்டேன். நகைப் பட்டியலுக்கென்று தனியே ஒரு நோட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அதில் முதல் கையொப்பம் மருமகளுடையது. அழைப்பிதழின் அடிவரி இன்னும் முடிவாகவில்லை. அச்சகத்துக்காரர் வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.