மென்பொருள் ஆவணங்களில் எழுத்துப்பிழை திருத்தியபோது நடந்தவை: அனுபவப் பகிர்வு

வைகைக்கரை

கையேடுகளைத் தமிழாக்குவோர் பலர் இங்கே இருந்தாலும், புதியவர்களுக்காக ஒரு வரி: மூல வரியையும் அதன் மொழிபெயர்ப்பையும் அடுத்தடுத்து வைத்திருப்பதுதான் பிஓ கோப்பு. ஒரு சிறிய கட்டளைக் கருவியின் கையேட்டை நானும் நண்பர்கள் சிலரும் தமிழாக்கி முடித்து, அடுத்த பதிப்பு வெளியாவதற்காகக் காத்திருந்தோம். வெளியீட்டுக்குச் சற்று முன்பு, எங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவர் ஆங்கில மூலத்தில் இருந்த எழுத்துப்பிழைகளைத் தேடிப் பிடித்துத் திருத்தி அனுப்பினார். ‘அக்கர்டு’ என்ற சொல்லில் இரண்டு ஆர் வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. ‘செப்பரேட்’ என்ற சொல்லில் ஏ இருக்கவேண்டிய இடத்தில் ஈ இருந்தது. அவர் செய்த திருத்தம் ஒவ்வொன்றும் சரி. பராமரிப்பாளரும் நன்றி தெரிவித்து அதை ஏற்றுக்கொண்டார்.

புதிய பதிப்பை நிறுவிக் கையேட்டைத் திறந்தேன். ஆங்கிலப் பக்கம் வந்தது. கணினியின் மொழி அமைப்பைச் சரிபார்த்துவிட்டு மறுபடியும் திறந்தபோதும் ஆங்கிலமே வந்ததால், தொகுப்பைப் பிரித்து உள்ளே தேடினேன். பிற மொழிகளின் பக்கங்கள் வரிசையாக இருந்தன, தமிழ்ப் பக்கம் மட்டும் இல்லை. இந்தக் கோப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் முறையில் மூலப் பத்திதான் மொழிபெயர்ப்பைக் கண்டுபிடிக்கும் அடையாளம் என்பதால், அதில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பத்தியின் மொழிபெயர்ப்பு முழுவதும் ‘ஃபஸி’ (சரிபார்க்க வேண்டியது) என்று குறிக்கப்பட்டு, மொழிபெயர்க்கப்படாத கணக்கில் போய்விடும். கையேட்டைக் கட்டமைக்கும் பிஓ4ஏ கருவியோ, மொழிபெயர்ப்பு 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், நாம் வேறு அளவு கொடுக்காத வரையில், அந்தப் பக்கத்தை உருவாக்குவதே இல்லை. நாங்கள் அந்த எல்லையைச் சற்றே தாண்டித்தான் நின்றிருந்தோம்.

அந்தத் திருத்தங்களில் ஒன்றுகூட எங்கள் தமிழ் வாக்கியம் எதனுடைய பொருளையும் தொடவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

நிறுத்தற்குறி

எனக்கு நேர்ந்தது வேறு வகை. நான் முன்பு பணியாற்றிய நிறுவனத்தில், வாடிக்கையாளர்களுக்கான எஞ்சின்எக்ஸ் என்ற இணையச் சேவையக மென்பொருளின் உள்ளமைவு வழிகாட்டி ஒன்றைப் பராமரித்துவந்தோம். புதிதாகச் சேர்ந்த ஆவண எழுத்தாளர், மிகுந்த அக்கறையுள்ளவர், வழிகாட்டி முழுவதையும் எழுத்துத் திருத்தியில் ஓட்டி, ‘ரெஃபரர்’ என்ற சொல் எங்கெல்லாம் ஓர் ஆர் குறைந்து நின்றதோ அங்கெல்லாம் சேர்த்துவிட்டார். ஆங்கில அகராதியின்படி அவர் செய்தது சரி. ஆனால் பார்வையாளர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று உலாவி தெரிவிக்கும் எச்டிடிபி தலைப்புவரியின் பெயரே பிழையோடு பிறந்தது. ஃபிலிப் ஹாலம்-பேக்கர் அதை முன்மொழிந்தபோது விடுபட்ட எழுத்து, 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1945 என்ற இணைய வரையறை ஆவணத்தில் அப்படியே பதிவாகி, 2022இன் ஆர்எஃப்சி 9110 வரையில் தொடர்கிறது.

உள்ளமைவில் கட்டளையின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தால் எஞ்சின்எக்ஸ் தொடங்கவே மறுத்து, எந்த வரியில் கோளாறு என்று சொல்லிவிடும். இங்கே திருத்தப்பட்டதோ, வருகைகளைப் பதியும் லாக் வடிவத்தில் இருந்த ஒரு மாறியின் (வேரியபிள்) பெயர். அந்த வகை மாறிகளுக்கு எந்தத் தலைப்புவரியின் பெயரையும் கொடுக்கலாம் என்பதால், இல்லாத பெயரைக் கொடுத்தாலும் எச்சரிக்கை எதுவும் வராது. மதிப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் பதிவாகும். வாடிக்கையாளர் ஒருவர் தம் லாக் கோப்பைத் திரையில் காட்டிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது: பார்வையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று இருக்கவேண்டிய இடத்தில், மேலிருந்து கீழ்வரை வெறும் கோடுகள். எங்கள் வழிகாட்டியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியவர் அவர்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிற்காலத்தில் வந்த ‘ரெஃபரர்-பாலிசி’ தலைப்புவரியும், ஜாவாஸ்கிரிப்டில் ஆவணத்தின் ‘ரெஃபரர்’ பண்பும் அகராதிப்படியே எழுதப்படுகின்றன. ஆகவே ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்துமுறையும் சரியாக இருக்கலாம். எது எங்கே என்று தெரியாத கருவியிடம் முழு ஆவணத்தையும் ஒப்படைக்கக் கூடாது.

பனைமேடு

யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனிடம், அதை மறுபடி வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, கோப்பை உருவாக்கும் ‘கிரியேட்’ (creat) அழைப்பின் பெயரைக் கடைசி ஈ சேர்த்து எழுதுவேன் என்று பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அந்த ஈ இன்றுவரை சேரவில்லை. நிறுத்தற்குறி சொல்வதோடு முழுமையாக உடன்படுகிறேன்.

தாமிரபரணி மாணவன்

2020 அக்டோபர். இந்த மாதத்தைச் சொன்னாலே இங்கிருக்கும் பலருக்குப் புரிந்துவிடும். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்க 2014 முதல் நடத்திவரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், அந்த ஆண்டு நான்கு புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்பினால் டி-ஷர்ட் கிடைக்கும் என்பதால், ‘அருமையான திட்டம்’ என்பது போன்ற பொருளற்ற சொற்களை ரீட்மீ என்ற அறிமுகக் கோப்புகளில் சேர்த்து அனுப்பியவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் நம் நாட்டு மாணவர்கள் நிறைய இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நான் அப்போது திருநெல்வேலியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிரல் நூலகத்தை (லைப்ரரி) நிறுவ முயன்றபோது, அதன் நிறுவல் வழிகாட்டியில் கோப்புறையின் பெயரில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்ததால், கட்டளையை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் பிழைச்செய்தி வந்தது. காரணத்தைக் கண்டுபிடித்து, அந்த இரண்டு எழுத்துகளை மாற்றி, ஏன் மாற்றினேன் என்றும் எழுதி அனுப்பினேன். போட்டியில் நான் பதிவே செய்திருக்கவில்லை. சிறிது நேரத்தில் ‘ஸ்பேம்’ என்ற முத்திரையோடு அது மூடப்பட்டிருந்தது; உரையாடலும் பூட்டப்பட்டுவிட்டதால் விளக்கம் சொல்ல வழியில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் அந்த முத்திரையைப் பார்த்த கணம் மறக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அதே இரண்டு எழுத்துகளை வேறொருவர் திருத்தி, அது ஏற்கப்பட்டதையும் பார்த்தேன். அதுவரையில் அந்த வழிகாட்டியைப் படித்த ஒவ்வொருவரும் அதே பிழைச்செய்தியைத்தான் பார்த்திருப்பார்கள்.

பழைய களஞ்சியம்

தம்பி, உங்களுக்கு நேர்ந்தது அநீதிதான். ஆனால் அந்த வாரத்தில் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஊதியமில்லாமல் மாலை நேரத்தில் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் அஞ்சல் பெட்டியைத் திறக்கும்போது, உண்மையான திருத்தத்தையும் வெற்றுத் திருத்தத்தையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை அவருக்கு எஞ்சியிருக்காது. அக்டோபர் தொடக்கத்திலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களின் நிரல் களஞ்சியங்களை மட்டுமே கணக்கில் எடுப்போம் என்று அமைப்பாளர்கள் அறிவிக்க வேண்டியதாயிற்று என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. உங்களை மூடியவர் உங்களை அவமதிக்கவில்லை. உங்களைப் படிக்கவே இல்லை.

என் அனுபவம் சிறியது. எங்கள் திட்டத்தின் ஆவணத்தில், ஓர் அமைப்பைப் பற்றி ‘பரிந்துரைக்கப்படுவதில்லை’ என்று இருக்கவேண்டிய ஆங்கில வாக்கியம், கடைசி எழுத்து ஒன்று மாறித் தட்டப்பட்டதால் ‘இப்போது பரிந்துரைக்கப்படுகிறது’ என்று நீண்ட காலம் நின்றது. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எந்தக் கருவியும் அதைக் காட்டவில்லை. முழு வாக்கியத்தையும் நிதானமாகப் படித்த ஒரு பயனர்தான் கண்டுபிடித்தார்.

இனிச் சொல்லப்போவதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் புதிதாகத் திருத்த வருபவர்களுக்காக எழுதுகிறேன். கோட்ஸ்பெல் கருவியைப் பயன்படுத்துங்கள், ஏனென்றால் அது அகராதியில் இல்லாத சொல்லையெல்லாம் பிழை என்று சொல்லாமல், வழக்கமாகத் தவறாக எழுதப்படும் சொற்களின் பட்டியலோடு மட்டும் ஒப்பிடுகிறது. லினக்ஸ் கருநிரலும் (கெர்னல்) தன் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் இதே போன்ற பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்புமுன் ஓட்டும் செக்பேட்ச் கருவி அதைத்தான் பார்க்கிறது. ஆனால் கருவி காட்டும் அனைத்தையும் தானாக மாற்றும் வசதியைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து மாற்றுங்கள். வேறு திட்டங்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்த கோப்புறைகளிலும், உரிமத்தின் வாசகத்திலும் கை வைக்கக் கூடாது. நிரலின் குறிப்புரையிலிருந்து தானாக உருவாகும் பக்கமாக இருந்தால், பக்கத்தை விட்டுவிட்டு மூலத்தில் திருத்துங்கள். இல்லையென்றால் அடுத்த கட்டமைப்பில் பிழை திரும்பி வந்துவிடும். பிரிட்டன் எழுத்துமுறையை அமெரிக்க முறைக்கு மாற்றுவது திருத்தம் ஆகாது. அது பிறருடைய வழக்கில் தலையிடுவது. தலைப்பில் உள்ள பிழையைத் திருத்தும்போது இன்னும் கவனம் வேண்டும்: பல கருவிகள் தலைப்பின் எழுத்துகளிலிருந்தே அந்தப் பகுதிக்கான இணைப்பு முகவரியை உருவாக்குகின்றன. ஆகவே நீங்கள் ஓர் எழுத்தை மாற்றினால், வெளியே யாரோ எழுதிவைத்த இணைப்பு அந்தப் பகுதிக்குப் போகாமல் பக்கத்தின் உச்சியில் நின்றுவிடும். ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியைப் பயன்படுத்தும் திட்டங்களில் தலைப்புக்கு மேலே பழைய பெயரைத் தனி அடையாளமாக எழுதிவைத்தால் இது தவிர்க்கப்படும். ஒரே வகைப் பிழைகளை ஒரே திருத்தமாக அனுப்புங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக அனுப்பாதீர்கள். கருநிரலுக்கு அனுப்பினால், ஓர் எழுத்து மாற்றத்துக்கும் அனுப்புபவர் பெயரிட்டு ஒப்பமிடும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி கட்டாயம்.

வைகைக்கரை

பழைய களஞ்சியம் அவர்களுக்கு: இவ்வளவு விரிவாக எழுதிய நீங்கள் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. முதல் பதிவில் நான் சொன்னது அதைத்தான். ஆங்கில மூலத்தை மட்டும் ஆவணமாகக் கருதுவதால்தான் இது நேர்கிறது. மூலத்தில் எழுத்துப்பிழையைத் திருத்துபவர், அதே மாற்றத்தை எல்லா மொழிகளின் பிஓ கோப்புகளிலும் மூல வரியில் செய்துவிட்டால், ‘ஃபஸி’ குறியே விழாது. பொருள் மாறாத திருத்தம் என்பதால் மொழி தெரியாதவரும் இதைத் துணிந்து செய்யலாம். பழைய திட்டங்கள் சிலவற்றில் இது எழுதப்படாத நடைமுறையாகவே இருக்கிறது. லினக்ஸ் பணிமேடையான க்னோம் போன்ற திட்டங்கள், வெளியீட்டுக்கு முன்பு மூல வரிகளை மாற்றக் கூடாது என்று ஒரு காலக்கெடுவே வைத்திருக்கின்றன. உங்கள் அறிவுரைப் பட்டியலில் இதற்கு முதல் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

பழைய களஞ்சியம்

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் அந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டவர் பராமரிப்பாளர். அனுப்பியவர் மேல் நீங்கள் வருத்தம் கொள்வது பொருந்தாது.

செவிவழி

ஆங்கிலப் பிழைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழ் ஆவணத்தில் நடந்த ஒன்றை நான் சொல்கிறேன்.

ஒரு காணொளிச் சந்திப்பு மென்பொருளின் தமிழ் உதவிப் பக்கங்களைச் சரிபார்க்கும் குழுவில் இருந்தேன். பலமுறை படித்து, சந்திப்பிழை வரையில் திருத்திவிட்டோம் என்ற நிறைவு எங்களுக்கு இருந்தது. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ திரைபடிப்பானில் அந்தப் பக்கங்களைக் கேட்டுவிட்டு, ‘மெ-ள-னம் என்று ஒரு பொத்தானைச் சொல்கிறதே, அது என்ன?’ என்று கேட்டார். ‘மௌனம்’ என்ற சொல்லில் ஔகாரக் குறியைத் தட்டுவதற்குப் பதிலாக, யாரோ ‘மெ’ என்பதையும் ‘ள’ என்ற தனி எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கண்ணால் படித்த எங்களில் யாருக்கும் தெரியாதது, காதால் கேட்டவருக்கு முதல் முறையிலேயே தெரிந்துவிட்டது. தேடல் பெட்டியில் ‘மௌனம்’ என்று சரியாகத் தட்டியவர்களுக்கு அந்தப் பக்கம் ஏன் கிடைக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. சொல்லின் முதலில் ‘ஔ’ வரும் இடங்களிலும் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்துத் தட்டியிருந்ததைப் பிறகு கண்டோம்.

ஒரே எழுத்தைப் பல வகையில் தட்டியிருந்தாலும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடு இயல்பாக்கம் இதைச் சரிசெய்யும் என்று குழுவில் ஒருவர் சொன்னார், அது சரியல்ல. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி ‘கொ’ எழுதினால், இயல்பாக்கம் அவற்றை ஒரே குறியாக இணைத்துவிடும், ஏனென்றால் இரண்டும் சமம் என்று தரத்திலேயே வரையறுத்திருக்கிறார்கள். ஔகாரத்தின் வலப்பகுதிக்கோ தனியாக ஒரு குறியெண் இருக்கிறது. ‘ள’ என்ற மெய்யெழுத்தின் குறியெண் வேறு. கணினியைப் பொறுத்தவரை ‘மெள’ என்பது இரண்டு எழுத்துகள்தான், அதை எந்த இயல்பாக்கமும் தொடாது.

பனைமேடு

கணினி அறிஞர் டொனால்ட் குனுத், தம் நூல்களில் பிழையை முதலில் சுட்டிக்காட்டுபவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். அச்சுப்பிழைக்கும் அதே தொகைதான். 2008 முதல் உண்மையான காசோலைக்குப் பதிலாகச் சான்றிதழ் அனுப்புகிறார். தாமிரபரணி மாணவன் எழுதியதைப் படித்ததும் இது நினைவுக்கு வந்தது. செவிவழி அவர்களே, அந்த ஆசிரியரின் பெயரைப் பங்களிப்பாளர் பட்டியலில் சேர்த்தீர்களா? இன்னொரு கேள்வி: ‘ெள’ என்று வரும் எல்லா இடங்களையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாமா?

செவிவழி

அவருடைய இசைவோடு பெயரைச் சேர்த்துவிட்டோம். திருத்தம் அனுப்பியவர்களுக்கு இணையாக, பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற குறிப்போடு இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு: கூடாது. அப்படி மாற்றினால் வெள்ளி, தெளிவு, வெளியீடு போன்ற சரியான சொற்கள் எல்லாமே ஒன்றாகச் சிதைந்துவிடும். ‘ெள’ என்பதை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். ‘மெளனம்’, ‘பெளர்ணமி’, ‘கெளரவம்’ என்பவற்றில் போல, ‘ள’ தனித்து நின்று அடுத்து வேறு எழுத்து வரும் இடங்களை மட்டும் பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் அந்தப் பக்கங்களைத் திரைபடிப்பானில் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். தமிழ்தான் மூலம் என்றால், வைகைக்கரை அவர்கள் சொன்னபடி மற்ற மொழிகளின் பிஓ கோப்புகளிலும் மூல வரியை அதே நேரத்தில் மாற்றிவிட வேண்டும்.