தமிழ்க் குரல் வரவில்லை, 403 (அனுமதி இல்லை) என்கிறது. அவசரம்!

குறிஞ்சி_24: எழுத்தைப் பேச்சாக்கும் எட்ஜ்-டிடிஎஸ் நிரலை வைத்துத் தினமும் காலையில் தாத்தாவுக்குச் செய்தித் தலைப்புகளை வாசிக்கவைக்கிறேன். அதிலுள்ள பல்லவி என்ற தமிழ்க் குரல். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்று 403 என்று நிற்கிறது. கோடில் கை வைக்கவே இல்லை. பெட்டி கெட்டுப்போச்சா என்று தாத்தா கேட்டுக்கொண்டே இருக்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

கம்பிவலை: எந்தப் பதிப்பு? எந்த இயந்திரம்? வீட்டு இணையமா, வாடகை சர்வரா? பிழைச் செய்தியை முழுதாக ஒட்டுங்கள்.

மாடிவீட்டு_மணி: உரை நீளமாக இருக்கும். துண்டு துண்டாக வெட்டி அனுப்புங்கள். எனக்கு எப்போதும் அதுதான்.

கம்பிவலை: மணி, ஒரு தடவைக்கு 100 எழுத்து என்று வெட்டுவது கூகுள் குரலை எடுக்கும் ஜிடிடிஎஸ். இது வேறு, நீளமானதைத் தானே பிரித்துக்கொள்ளும். அதோடு, 403 வருவது இணைப்பு தொடங்கும்போதே. உரை அங்கே போய்ச் சேரவே இல்லை.

மாடிவீட்டு_மணி: எதற்கும் வெட்டிப் பார்க்கட்டுமே, காசா பணமா.

பழைய_புலி: தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. எட்ஜ்-டிடிஎஸ் பயன்படுத்துவது, மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவி சத்தமாக வாசிப்பதற்காக வைத்திருக்கும் சேவை. நாம் கொல்லைப்புறமாக நுழைகிறோம். கதவு திறக்கவில்லை என்று புகார் வேறா? கணினியிலேயே பேசும் ஈஸ்பீக்-என்ஜி நிரலைப் போடுங்கள்.

நெய்தல்: ஈஸ்பீக் தமிழைத் தாத்தா கேட்கவா? தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும்.

பழைய_புலி: இணையமே இல்லாமல் பேசும். பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானோடு அதுதான் வருகிறது. உங்கள் காதுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.

நெய்தல்: அவர்களுக்கு வேகம் முக்கியம். தாத்தா வேகமா கேட்டார்?

யாழ்_வாசி: எங்கட அம்மம்மாவுக்கு இலங்கைத் தமிழ்க் குரல் சரண்யாதான் போடுறனாங்கள். பல்லவி கதைச்சால் “இது ஆர் பிள்ளை?” எண்டு கேப்பா.

குறிஞ்சி_24: ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, வீட்டு வைஃபை. மடிக்கணினியில் இதே கோடு ஓடுகிறது. ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது.

கம்பிவலை: சம்பந்தமே அங்கேதான்! பை 4-இல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் கடைசியாகச் சேமித்துவைத்த நேரத்திலிருந்து எழும். இணையத்திலிருந்து சரியான நேரம் வாங்கும்வரை பின்தங்கியே இருக்கும். எட்ஜ்-டிடிஎஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு டோக்கன் (அனுமதிச் சீட்டு மாதிரி) செய்கிறது: இயந்திரத்தின் நேரத்தை முந்தைய 5 நிமிடப் புள்ளிக்கு இறக்கி, அதை வைத்து ஷா-256 என்ற குறியாக்கக் கணக்கைப் போடுகிறது. நேரம் தப்பென்றால் டோக்கன் செல்லாது, 403. புதிய பதிப்புகள் சர்வர் திருப்பி அனுப்பும் நேரத்தைப் பார்த்துத் தாமே திருத்திக்கொண்டு மறுபடி முயலும். பழையவை அப்படியே விழுந்துவிடும். முதலில் பை 4-இல் நேரம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அப்புறம் பதிப்பைப் புதுப்பியுங்கள்.

பழைய_புலி: நாளைக்கு டோக்கன் முறையையே மாற்றினால்? மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான அஸூரில் இதே பல்லவி முறைப்படி இருக்கிறாள், இலவச அளவும் உண்டு.

நெய்தல்: அதற்குக் கணக்குத் திறக்க வேண்டும், கார்டு கேட்பார்கள். பத்துத் தலைப்பு வாசிக்க இவ்வளவு சடங்கா?

பழைய_புலி: ஓசி என்றால் எல்லாருக்கும் இனிக்கத்தான் செய்யும்.

குறிஞ்சி_24: நேற்று சாயங்காலத்தைக் காட்டியது. புதுப்பித்தேன், பேசுகிறது. நன்றி.

கம்பிவலை: எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறினீர்கள்? கடிகாரம் தானாகச் சரியானதா, நீங்கள் மாற்றினீர்களா? பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

மாடிவீட்டு_மணி: உரையை வெட்டினீர்களா என்றும் சொல்லிவிடுங்கள்.