விவசாயத் தம்பதிகளுக்குக் கணக்கும் விற்பனையும் சொல்லிக்கொடுத்தவர்கள், கற்றவர்கள், பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

குரோம்பேட்டை, பயிற்சியாளர்:

திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் காய்கறி போடுகிற குடும்பங்களுக்கு வரவு செலவு பார்க்கவும் விற்கவும் சொல்லித்தருவது என் வேலை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் வகுப்பில் சேர்ப்பது என்று வைத்திருக்கிறோம். ஆரம்பத்தில் இதற்கே பெரிய பேச்சு. "ரெண்டு பேரும் வந்துட்டா மாட்டை யார் பாக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால் வகுப்பைக் காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டுக்குள் முடித்துவிடுகிறோம்.

முதல் நாள் எல்லாரிடமும் ஒரே கேள்வி. போன வாரம் வெண்டைக்காய் என்ன விலைக்குப் போனது? அண்ணன்மார் டக்கென்று சொல்வார்கள். அக்காமார் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி, பறிப்புக்கு எத்தனை ஆள், என்ன கூலி? இப்போது அண்ணன்மார் திரும்பி அந்தப் பக்கம் பார்ப்பார்கள். விலை ஒருத்தர் தலையில், செலவு இன்னொருத்தர் தலையில். லாபம் எவ்வளவு என்று அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. இத்தனைக்கும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்.

ஒரு வீட்டு மண்டிச் சீட்டைப் பலகையில் எழுதிப் பார்த்தோம். ஐந்து மூட்டை, மூட்டைக்கு நாற்பது கிலோ, கிலோ 18 ரூபாய், ஆக 3,600. அதில் கமிஷன் 360, இறக்குக்கூலி 100, வண்டி வாடகை 300. கைக்கு வந்தது 2,840. "பரவாயில்லையே" என்றார் அண்ணன். அக்கா எழுந்து, பறிப்புக்கு ஆறு பேர், தலைக்கு 250 என்றார். 1,500 போய்விட்டது, மீதி 1,340. "நீங்களும் பறிச்சீங்களாக்கா?" "நானும் அத்தையும்." அந்த இரண்டு கூலியையும் எழுதியதும் மீதி 840. விதை, உரம், மருந்து இன்னும் எழுதவே இல்லை. மோட்டாருக்குக் கரண்டு இலவசம் என்பதால் அந்த வரி மட்டும் காலி. அண்ணன் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அது வீட்டு ஆளுங்க தானே சார், அதுக்கு எதுக்குக் கூலி" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் வகுப்பே நடத்துகிறோம்.

ஆனால் பலகையைவிடப் பலமான பாடம் கோயம்பேடு. இரவு லோடு வந்து இறங்கி, விடிவதற்குள் மொத்த வியாபாரம் பாதி முடிந்துவிடும். அந்த நேரத்தில் தம்பதிகளைக் கூட்டிக்கொண்டு போவோம். முப்பது வருஷம் வெண்டை போட்ட ஒரு அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாக மார்க்கெட்டுக்குள் கால் வைத்தார். வாங்க வந்த சில்லறைக்காரர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு காயை உருவி, நுனியை ஒடித்தார். ஒடியவில்லை, வளைந்தது. அவ்வளவுதான், கிலோவுக்கு நாலு ரூபாய் குறைத்துக் கேட்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, முத்தல் காயை எல்லாம் அடியில போடச் சொன்னது நான்தான் சார்" என்றார். மேலே தெரியக்கூடாது என்று செய்த வேலை. வாங்குகிறவர் அடியைத்தான் பார்ப்பார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆனால் அதை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அடுத்த பறிப்பிலிருந்து அக்கா முத்தல் காயைத் தனியாக எடுத்து மாட்டுக்குப் போட்டுவிடுகிறார்.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். நல்லதும் கெட்டதும்.

விருகம்பாக்கம், மண்டிக் கணக்கர்:

நான் கோயம்பேட்டுல ஒரு மண்டியில சீட்டு எழுதறவன். முதலாளி இதைப் படிக்க மாட்டாருங்கற தைரியத்துல எழுதறேன்.

சார் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. அட்வான்ஸ். விதைக்கிற சமயத்துல விவசாயிங்க மண்டியில கை நீட்டி வாங்கிட்டுப் போவாங்க. அதுக்கப்புறம் காய் வேற மண்டிக்குப் போக முடியாது, விலையிலயும் வாய் பேச முடியாது. ஒவ்வொரு சீட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா பிடிப்போம். பாதி வீட்டுல அந்த அட்வான்ஸ் வாங்கினதே அம்மாவுக்குத் தெரியாது. "காய் நல்லாத்தானே போச்சு, காசு எங்க?"ன்னு வீட்டுல சண்டை. மனுஷன் குடிச்சுட்டாருன்னு நினைப்பாங்க. சில பேர் குடிச்சதும் உண்டு, அது வேற கதை.

2020 மே மாசம் கொரோனாவுல மார்க்கெட்டை மூடி திருமழிசைக்கு மாத்தினாங்களே, அப்போ விவசாயிங்க நேர்ல வர பயந்துட்டாங்க. லோடு மட்டும் வரும். சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புவோம். பல வீட்டுல ஸ்மார்ட் போன் புள்ளைங்க கையிலயோ அம்மா கையிலயோதான் இருக்கும். அங்கிருந்துதான் போன் வர ஆரம்பிச்சுது. "அண்ணே, இதுல சாம்பிள்னு ரெண்டு கிலோ கழிச்சிருக்கே, அது என்ன?" இருபது வருஷமா எந்த ஆம்பிளையும் என்னை அதைக் கேட்டதில்லை. நமக்கும் பதில் சொல்ல வாய் வரல. இப்ப அந்த வரியைப் பார்த்து எழுதறேன்.

குன்றத்தூர் பக்கம், கீரை விவசாயி:

போன்ல பேசி எழுதறேன், எழுத்து முன்னப்பின்ன இருக்கும்.

நாங்க அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி போடறோம். வகுப்புக்குப் போனதுக்கு அப்புறம் மண்டிக்குப் போடறதைக் கொறைச்சிட்டு பல்லாவரம் உழவர் சந்தைக்குக் கொண்டுபோறோம். கமிஷன் கெடையாது, தராசு அவங்களே தர்றாங்க, வெலையும் காலையில போர்டுல எழுதிடுவாங்க. மொத்த வெலைக்கு மேல, கடை வெலைக்குக் கீழ. யார் போறதுன்னு வீட்டுல பேச்சு வந்தப்போ கணக்குதான் முடிவு பண்ணுச்சு. டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. அதனால நான் போறேன், அவர் தண்ணி கட்டறார். கீரை அறுத்து கட்டு கட்டறது ராத்திரி ரெண்டு பேரும்.

பிரச்சனை எங்க வந்துச்சுன்னா அந்த ஸ்கேன் பண்ற அட்டையில. பேங்க் கணக்கு அவர் பேர்ல, நம்பர் அவருது, போன் அவர்கிட்ட, அவர் வயல்ல. இங்க ஒருத்தர் ஸ்கேன் பண்ணி போனைத் திருப்பிக் காட்டுவார், பச்சையா டிக் இருக்கும். காசு வந்துச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் "ஏங்க, இருபது ரூவா வந்துச்சா பாருங்க"ன்னு போன் போட முடியுமா? அவர் மண்வெட்டியைக் கீழ போட்டுட்டு போனைப் பார்த்துச் சொல்றதுக்குள்ள ஆள் பஸ் ஏறிடுவாங்க. சாயந்தரம் கட்டை எண்ணினா ஒரு கணக்கு, போன்ல வேற கணக்கு. "நீ எங்கயோ விட்டுட்ட"ன்னு அவர், "உங்க போன்தான் சரியில்ல"ன்னு நான்.

வகுப்புல இதைச் சொன்னப்போ எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் பார்த்தா பாதிப் பேருக்கு இதே கதை. இப்ப என் பேர்ல கணக்கு, என் நம்பர்ல அட்டை, பக்கத்துல காசு வந்தா சத்தமா சொல்ற டப்பா. மொதல் நாள் அவருக்கு மூஞ்சி கொஞ்சம் தொங்குச்சு, மறைக்க மாட்டேன். ராத்திரி நோட்டை விரிச்சு அவரையே கூட்டச் சொன்னேன். இப்பவும் கூட்டறது அவர்தான், எனக்குக் கூட்டல் வராது.

அம்பத்தூர், விவசாயி மகள்:

எல்லாம் சரி. ஆனால் நான் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் இப்படி ஒரு பயிற்சிக்குப் போனார்கள். எங்கே, யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். போய்வந்ததும் அம்மாவிடம் ஒரு நோட்டு. காலையில் பால் கறந்து, சமைத்து, களை எடுத்து, மாலையில் திரும்பப் பால் கறந்து, அதற்குப் பிறகு உட்கார்ந்து அவள் கணக்கும் எழுத வேண்டும். "ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துறோம்" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். அம்மாவுக்குக் கூடினது ஒரு வேலை, அவ்வளவே. பட்டா அப்பா பெயரில். வருஷத்துக்கு 6,000 ரூபாய் பி.எம். கிசான் பணம் அப்பா கணக்கில். பயிர்க்கடன் அப்பா பெயரில். எந்த வருஷம் எதைப் பயிரிடுவது என்று முடிவு செய்வதும் அப்பா. அரசாங்கம் நேராக அம்மாவுக்கென்று தருவது மாதம் 1,000 மகளிர் உரிமைத் தொகை மட்டும்தான், அதுவும் யூரியாவுக்குப் போகிறது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கப் பெண்கள் நடத்துவதாகப் பதிவான பண்ணைகள் எண்ணிக்கையில் சுமார் 14 சதவீதம்தான். வயலில் நிற்கிற பெண்கள் அவ்வளவு பேர்தானா? நம்ம தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் வைத்த எம்.எஸ்.சுவாமிநாதன், பெண் விவசாயிகள் உரிமைக்காக 2012-ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். நிலம் யார் பெயரில் இருந்தாலும் உழைக்கிற பெண்ணுக்கு விவசாயி என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றது அது. காலாவதியாகிப் போனது. பெயரும் பணமும் கைமாறாமல் நோட்டு மட்டும் கைமாறினால் அதற்குப் பெயர் கூட்டு நிர்வாகம் இல்லை.

குரோம்பேட்டை, பயிற்சியாளர்:

நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன் தங்கச்சி. நோட்டை ஒரு ஆள் தலையில் கட்டுவது நாங்களும் பார்த்ததுதான். அதனால் இப்போது வேலையைப் பிரித்து எழுதிக்கொள்ளச் சொல்கிறோம். ஜப்பானில் 1995 முதல் குடும்ப மேலாண்மை ஒப்பந்தம் என்று ஒன்றை அரசே ஊக்குவித்து வருகிறது. விவசாயக் குடும்பத்தில் புருஷன், பெண்டாட்டி, மகன், மருமகள் எல்லாரும் உட்கார்ந்து யாருக்கு என்ன வேலை, எத்தனை மணி நேரம், லீவு எப்போது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

அதை இங்கே ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, வீட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னோம். வேலைப் பங்கீட்டுக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். சம்பளம் என்ற வரி வந்ததும் கூடத்தில் ஒரே சிரிப்பு. "பொண்டாட்டிக்குச் சம்பளமா சார்?" சிரிக்காத ஒரு அண்ணன், ஒவ்வொரு சீட்டிலும் பறிப்புக்கூலி எழுதும்போது வீட்டு ஆள் கூலியையும் பிடித்து அக்கா கணக்கில் போடுகிறார். பெரிய தொகை இல்லை. ஆனால் விலை இறங்கின ஒரு வாரம், "இந்த வாரம் என் கூலியே கட்டாது, பறிக்காம விட்டுடலாம்" என்று அக்கா சொல்ல, அவர் கேட்டுக்கொண்டார்.

பெரும்பாக்கம், அடுக்குமாடி வாசி:

நான் வாங்குகிற பக்கம். எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பதியிடம் வாட்ஸ்அப் குழு மூலம் வாரா வாரம் காய் வாங்குகிறோம். வியாழன் இரவோடு ஆர்டர் முடியும், சனி காலை வண்டி வரும்.

முதலில் குழுவில் அண்ணன் மட்டும்தான். மனுஷனுக்கு இல்லை என்று சொல்லவே வராது. முருங்கைக்கீரை இருக்கா? இருக்கு. பிரண்டை? இருக்கு. வாழைப்பூ பத்து? அனுப்பிடலாம். சனிக்கிழமை வண்டியில் பாதி இருக்காது. பேரம் பேசினால் குறைத்தும் விடுவார். பக்கத்து வீட்டு மாமி இதை ஒரு கலையாகவே செய்து வந்தார்.

ஒரு வாரம் அக்கா குழுவில் சேர்ந்தார். முதல் குரல் பதிவே, "அவர் சொன்ன வெலைய விட்ருங்க, இதுதான் வெல. கத்திரி இந்த வாரம் சொத்தை, அதனால போடல." அவ்வளவுதான். மாமிக்கு இரண்டு வாரம் கோபம். எங்களுக்கு நிம்மதி, சொன்னது வருகிறது. அண்ணன் இப்போது வண்டியும் வாசலில் நின்று பேசுவதும் மட்டும். பேச்சுக்கு அவர், விலைக்கு அக்கா. கேட்டால் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாம். யாருக்கு எது வரும் என்று பார்த்துப் பிரித்துக்கொண்டார்கள்.

தாம்பரம், வங்கி ஊழியர்:

சுருக்கமாக. கணக்கைக் கூட்டாகத் திறக்கும்போது "இருவரில் யாராவது ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் இரண்டு கையெழுத்துக்கு இரண்டு பேரும் வந்து நிற்க வேண்டும், அன்றைக்கு வயல் வேலை போச்சு. புதிதாக நிலம் வாங்குகிறவர்கள் பெண் பெயரில் பதிந்தால், 10 லட்சம் மதிப்பு வரை பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது, பத்திர எழுத்தர் தானாகச் சொல்ல மாட்டார். கடனுக்கு வருகிறபோது கையால் எழுதின வரவு செலவு நோட்டையும் கொண்டுவாருங்கள். விதிப்படி அது தேவையில்லை. ஆனால் எதிரில் இருக்கிறவர் உங்களிடம் பேசுகிற விதம் மாறும்.

ஊரப்பாக்கம், புதிய உறுப்பினர்:

எங்கள் சித்தப்பா இதற்கெல்லாம் சத்தியமாக வரமாட்டார். சித்தி மட்டும் வந்தால் சேர்ப்பீர்களா? இன்னொரு கேள்வி, வீட்டுக்காரர் இல்லாதவர்கள் என்ன செய்வது?

குரோம்பேட்டை, பயிற்சியாளர்:

வீட்டுக்காரர் இல்லாதவர்கள் மகனோடோ, மாமியாரோடோ, தம்பியோடோ வரலாம், ஏற்கெனவே வருகிறார்கள். அந்த வீட்டில் வேலையையும் பணத்தையும் யார் பகிர்ந்துகொள்கிறார்களோ அவர்கள். சித்தியையும் அனுப்புங்கள். கடைசி மூன்று மண்டிச் சீட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். அது சித்தப்பா சட்டைப்பையில்தான் இருக்கும், எதற்கு என்று அவரே கேட்பார். கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.