‘பெரியவீட்டுச் சொந்தங்கள்’ குழுவில் வாய்க்கால் பஞ்சாயத்து

குமார்: [படம்] [படம்] நேற்று எடுத்தது. நம் கன்னி வாய்க்கால். மேட்டூர் 12ஆம் தேதி திறக்கிறார்கள். இதில் தண்ணீர் எப்படி வரும் என்று நீங்களே பாருங்கள்.

மலர்: ஐயோ, வாய்க்காலே தெரியவில்லையே அண்ணா

குமார்: காட்டாமணக்கு, கோரை, நடுவில் எவனோ கொட்டிய கல்யாண மண்டப இலை. பொக்லைன் மணிக்கு 1,400. நம் பக்கம் மட்டும் 8 மணி நேரம் ஆகுமாம். மொத்தம் 11,200. நாலு பங்காகப் பிரித்தால் பங்குக்கு 2,800. போன வருஷம் நானே கொடுத்தேன். இந்த வருஷம் முடியாது.

ராஜா சித்தப்பா: 👍

வசந்தா அத்தை: 🙏 காலை வணக்கம். மலர், பையன் காதுகுத்து ஆவணியிலா?

செல்வம் சித்தப்பா: குமார், தூர் வாருவது அரசாங்க வேலை. வருஷா வருஷம் டெல்டாவுக்குப் பணம் ஒதுக்குகிறார்களே?

குமார்: ஆற்றையும் பெரிய வாய்க்காலையும் வாரிவிட்டார்கள் சித்தப்பா. இது அதற்கும் கீழே கிளை. எந்தப் பட்டியலிலும் இல்லை. மேலத்தெருக்காரர்கள் அவர்கள் பக்கத்தை முடித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

செல்வம் சித்தப்பா: எல்லோரும் முழுசாகப் படிக்கவும். குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஏரி, வாய்க்காலை வெட்டுவார்கள். 1858-ல் வெள்ளைக்காரன் அதற்குச் சட்டமே போட்டான். வழக்கப்படி வர வேண்டியவன் காரணமில்லாமல் வராவிட்டால், அந்த வேலையின் கூலியைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். அப்புறம் பொதுப்பணித்துறை பார்த்துக்கொள்ளும் என்று ஊர் கையைக் கழுவியது. 2017-ல் அதே பெயரில் தமிழக அரசு திட்டம் கொண்டுவந்தபோது 10 சதவீதம் பாசனதாரர் பங்கு என்று வைத்தார்கள். உழைப்பாகவும் தரலாம், பணமாகவும் தரலாம். ஆகவே இது அரசு, ஊர், நிலம் உள்ளவர்கள் மூவரும் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம். ஒருத்தர் தலையில் கட்டக்கூடாது.

குமார்: அதைத்தான் சித்தப்பா நானும் சொல்கிறேன்

தினேஷ் (துபாய்): இரண்டு மடங்கா? அப்படியென்றால் அப்பா 5,600 😂

செல்வம் சித்தப்பா: தினேஷ், நான் சொன்னது சரித்திரம்.

வசந்தா அத்தை: எனக்கு எங்கே நிலம் இருக்கிறது? பட்டாவில் என் பெயரா இருக்கிறது? கல்யாணத்துக்குக் கிணற்றடி நிலத்தை விற்றோம் என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறீர்கள்

மலர்: யார் பெயரும் இல்லை அத்தை. இன்னும் தாத்தா பெயர்தான்

குமார்: அந்த வினை எனக்குத்தான். பிரதமர் திட்டத்தில் வருஷம் 6,000 கொடுக்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்கு வருகிறது, எனக்கு வரவில்லை. இப்போது விவசாயி அடையாள எண் எடுக்கப் போனால் அங்கேயும் பட்டாவில் உங்கள் பெயர் எங்கே என்கிறார்கள். உழுகிறவன் நான், பெயர் செத்துப்போன தாத்தாவுடையது.

செல்வம் சித்தப்பா: பட்டா விஷயம் நேரில் பேச வேண்டியது.

தினேஷ் (துபாய்): அண்ணே, ட்ரோன் வாங்கிவிட்டால் மருந்து அடிக்க ஆளே வேண்டாம். லிங்க் அனுப்பவா?

குமார்: முதலில் தண்ணீர் வரட்டும் தம்பி

வசந்தா அத்தை: குமாரு, இந்தப் பொங்கலுக்காவது பொன்னி அனுப்பு. போன தடவை வந்த குண்டரிசி இட்லிக்குத்தான் ஆயிற்று

குமார்: ஆடுதுறை 37 ரகம் இட்லிக்குத்தான் அத்தை. குறுவைக்கு 105 நாளில் வருவதைத்தானே போட முடியும்?

மலர்: இட்லி நன்றாக வந்ததா இல்லையா அத்தை? 😀

வசந்தா அத்தை: வந்தது

குமார்: இங்கே பாருங்கள். பக்கத்துக்காரர் போர் தண்ணீரில் நாற்று விட்டுவிட்டேன். 25 நாளைத் தாண்டினால் நாற்று முற்றிவிடும். நடவு தள்ளினால் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டும். ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தொடமாட்டார்கள். ரோட்டில் கொட்டி, தார்ப்பாய் போட்டு, வெயில் வந்தால் திறந்து, தூறினால் மூடி… நெல் முளைத்த படம் போன வருஷம் போட்டேனே, எல்லோரும் 😢 போட்டீர்கள்.

மலர்: அண்ணா, எங்கள் பங்கில் பாதி 1,400 இப்போதே அனுப்புகிறேன்

தினேஷ் (துபாய்): ஜிபே நம்பர் போடுங்க அண்ணே. அப்பா பங்கு நான் தருகிறேன்

செல்வம் சித்தப்பா: தினேஷ், நீ அனுப்ப வேண்டாம். பணம் கொடுத்தால் நிலம் யாருக்கு என்ற பேச்சு அடிபட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊருக்கு வருவோம், பேசி முடிப்போம்.

குமார்: ஞாயிறுக்குள் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். நாளை மறுநாளை விட்டால் பொக்லைன்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

செல்வம் சித்தப்பா: அட்வான்ஸ் மட்டும் கொடுத்து வை. அப்புறம் பார்ப்போம்.

குமார்: யார் பணத்தில்?

மலர்: ராஜா சித்தப்பா, காலையில் 👍 போட்டீர்களே, எதற்கு?

வசந்தா அத்தை: ஞாயிறு வந்தால் காதுகுத்துத் தேதியும் குறித்துவிடலாம். தாய்மாமன் மடி வேண்டும், குமாரு இல்லாமல் ஆகாது

குமார்: நடவு முடியாமல் மடி கிடையாது அத்தை

ராஜா சித்தப்பா: 1,400 போட்டிருக்கிறேன். மீதி சம்பளம் வந்ததும்.

குமார்: சரி சித்தப்பா. அத்தை, உங்கள் பங்கு?

வசந்தா அத்தை: மாமா தூங்குகிறார். எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன்