'பஃபூனரி'க்குத் தமிழ்ச்சொல்: கோமாளித்தனம்

வணக்கம்.

'பஃபூனரி' (buffoonery) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, அதாவது பிறர் முன்னால் சிரிப்புக்கிடமாக நடந்துகொள்வதற்கு, தமிழ்ச்சொல் தேடுகிறோம். முட்டாள்தனம், பேதைமை என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. முட்டாள்தனம் செய்பவருக்குத் தான் செய்வது என்னவென்றே தெரியாது. பேதைமையும் அப்படித்தான், கெடுதலைப் பிடித்துக்கொண்டு ஆதாயத்தைக் கைவிடுவது என்று குறள் அதற்கு வரையறையே தந்துவிட்டது. நாம் பெயர் தேடுவதோ பிறர் முன்னால் நடக்கிற ஒன்றுக்கு. முட்டாள்தனத்தைத் தனியறையிலும் செய்யலாம். இதற்குப் பார்க்க ஆள் வேண்டும். மூலமான இத்தாலியச் சொல்லின் வேரே கன்னத்தை உப்பவைத்து ஊதுவதுதான்.

கோணங்கித்தனம் பொருளில் மிக நெருங்கி வருகிறது. ஆனால் கோணங்கி என்பது குடுகுடுப்பைக்காரரையும் குறிக்கும். ஒரு பிரிவினரின் தொழிற்பெயரை வசைச்சொல்லுக்கு அடியாக வைப்பது சரியில்லை, வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை கோமாளித்தனம். புதிதாக எதையும் புனைய வேண்டியதில்லை, "கோமாளித்தனம் பண்ணாதே" என்று எல்லோரும் சொல்கிறோம். '-தனம்' வந்தாலே இழிவு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அப்படியில்லை. புத்திசாலித்தனம், கெட்டிக்காரத்தனம் எல்லாம் பாராட்டுதானே? அடிச்சொல்லின் நிறத்தைத்தான் அந்த விகுதி வாங்கிக்கொள்கிறது.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. கோமாளி பெரிய கலைஞர். தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவை யாரென்று கேட்டு அறிமுகப்படுத்துகிறார், அப்புறம் அதே ராஜாவைச் சபை நடுவில் கேலியும் செய்கிறார். கதையைச் சனங்களுக்கு விளக்குவதும் அவர்தான். ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் என்ற மேடை நாடகத்தில் கோமாளியான பபூன் முதலில் தனியாக வந்து பாடிப் பேசிக் கூட்டத்தைத் தன்வசப்படுத்துகிறார். இந்தத் தேர்ச்சியையும், பொறுப்பில் இருப்பவர் அவையில் அடிக்கும் கூத்தையும் ஒரே சொல்லால் குறித்தால் கலைஞருக்கு அநியாயம். கலையைக் கோமாளியாட்டம் என்று தனியே பதிவோம். பபூன் அந்த நாடகப் பாத்திரத்தின் பெயராகவே இருக்கட்டும். அது தமிழ் மேடைச் சொல்லாகிவிட்டது.

கோமாளிக்கூத்து என்ற பரிந்துரையையும் இதே காரணத்தால் விட்டுவிடலாம். கூத்தைத் திட்டுச்சொல்லாக்கியது போதும்.

பெயரடை கோமாளித்தனமான, வினையடை கோமாளித்தனமாக. "கோமாளித்தனமான அறிவிப்பு", "கோமாளித்தனமாக நடந்துகொண்டார்" இரண்டும் இயல்பாக வருகின்றன. மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள்.