அறிவியல் புனைவுப் படங்களின் ஆர்ட் புக், மேக்கிங் புக்: எதை வாங்குவது?

வால்நட்சத்திரம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அறிவியல் புனைவுப் படம் பார்க்க உட்கார்ந்தால் எனக்குக் கதைக்கு முன்னால் பொருள்கள்தான் கண்ணில் படும். விண்கலத்தின் கதவு எப்படித் திறக்கிறது, விண்வெளி உடையின் கழுத்து வளையம் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, மூலையில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைக் குறி எதைச் சொல்கிறது, இதையெல்லாம் எவர் உட்கார்ந்து யோசித்திருப்பார் என்று படம் முடிந்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தப் படங்களுக்கென்று வரும் பெரிய அளவுப் படப் புத்தகங்களை வாங்க ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். தேடினால் தலை சுற்றுகிறது. ஒரே படத்துக்கு ஆர்ட் புக் ஒன்று, படம் உருவான கதையைச் சொல்லும் மேக்கிங் புக் ஒன்று, விஷுவல் டிக்‌ஷனரி ஒன்று, டெக்னிக்கல் மேனுவல் ஒன்று. அட்டை எல்லாமே பிரமாதம். ஆனால் சிலவற்றைப் புரட்டினால் திரையில் பார்த்த அதே காட்சிகளைப் பெரிதாக அச்சடித்துவிட்டு, கீழே நடிகர்களும் இயக்குநரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கிற நாலு வரி. அது எனக்கு வேண்டாம்.

உள்ளே சரக்கு இருக்கிறதா என்று எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்? படம் பார்ப்பதற்கு முன்பே படிக்கலாமா? அக்கா மகளுக்குப் பத்து வயது, அவளும் என்னோடு சேர்ந்து புரட்டுவாள், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பழம்புத்தகம் எழுதியது:

வாங்க. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: படத்தில் வராத விஷயம் புத்தகத்தில் எவ்வளவு இருக்கிறது. வேண்டாம் என்று ஒதுக்கிய ஓவியம், பாதியில் மாற்றிய வடிவம், நிராகரித்த உடை, இவையெல்லாம் தேதியோடும் வரைந்தவர் பெயரோடும் இருந்தால் அது ஆர்ட் புக். இல்லையென்றால் அது விலை கூடிய போஸ்டர் தொகுப்பு.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஸ்டார் வார்ஸ் முதல் படத்தின் மில்லேனியம் ஃபால்கன் கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அது வட்டமாக இல்லை. நீளமான ஒரு கலமாகத்தான் வடிவமைத்தார்கள், மாடல்கூடச் செய்துவிட்டார்கள். அப்போது தொலைக்காட்சியில் வந்த ஸ்பேஸ் 1999 தொடரின் கலத்தைப் போல இருக்கிறது என்று தெரிந்ததும் ஜோ ஜான்ஸ்டன் புதிதாக வரைய வேண்டியதாயிற்று. அப்படி வந்ததுதான் இன்று எல்லோருக்கும் தெரிந்த தட்டு வடிவம். பழைய நீளக் கலத்தையும் தூக்கிப் போடவில்லை, கொஞ்சம் மாற்றி, படத்தின் முதல் காட்சியில் துரத்தப்படும் கிளர்ச்சிக்காரர்களின் கலமாக வைத்துவிட்டார்கள். இந்தக் கதை தெரிந்த பிறகு அந்த முதல் காட்சியைப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

அதே படத்தின் வில்லன் டார்த் வேடரின் முகமூடியும் அப்படித்தான். ஓவியர் ரால்ஃப் மெக்வாரி 1975-ல் வரைய உட்கார்ந்தபோது, திரைக்கதையில் வேடர் ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு வெட்டவெளியில் போவதாக இருந்தது. அங்கே மூச்சு விட ஏதாவது வேண்டுமே என்று மெக்வாரி ஒரு முகமூடி வரைந்தார். அந்தக் காட்சி பிறகு கதையில் நிற்கவில்லை, முகமூடி நின்றுவிட்டது, அந்த மூச்சுச் சத்தம் இல்லாமல் அந்தப் பாத்திரமே இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு ஓவியர் நடைமுறையாக யோசித்த ஒரு சின்னக் கேள்வி எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது பாருங்கள். எனக்கு இந்த வகைப் புத்தகங்கள் மேல் இருக்கும் பிரியமெல்லாம் இதனால்தான்.

மெக்வாரியின் ஓவியங்கள் மொத்தமாக வேண்டுமென்றால் ஏப்ரம்ஸ் பதிப்பகத்தார் 2016-ல் இரண்டு பாகங்களாகப் போட்டிருக்கிறார்கள், பெரிய வேலை. ஜான்ஸ்டனின் கோட்டோவியங்கள் 1977-லேயே தனி ஸ்கெட்ச்புக்காக வந்தன. அது மெலிந்த புத்தகம்தான், ஆனால் ஒரு பக்கத்தைக்கூட வீணாக்காத புத்தகம்.

இருட்டுத்திரை எழுதியது:

பழம்புத்தகம் அண்ணா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன், மீதிப் பாதிக்கு இல்லை. ஓவியத்தை மட்டும் பார்த்தால் என்ன மாறியது என்று தெரியும், ஏன் மாறியது என்று தெரியாது. அதை யாராவது உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். நீங்கள் சொன்ன ஃபால்கன் கதையும் எவரோ கேட்டு, குறித்து, ஒழுங்காக எழுதி வைத்ததால்தானே நமக்குத் தெரிகிறது? அதனால் என் வாக்கு மேக்கிங் புக்குக்குத்தான், அதிலும் நீளமாக எழுதப்பட்ட மேக்கிங் புக்.

ஜே.டபிள்யூ. ரின்ஸ்லர் 2007-ல் எழுதிய ஸ்டார் வார்ஸ் மேக்கிங் புத்தகத்தை ஏன் எல்லோரும் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள் என்றால், அதன் அடித்தளம் பழைய பேட்டிகள். படத்தின் விளம்பரப் பொறுப்பில் இருந்த சார்லஸ் லிப்பின்காட், 1975 முதல் 1977 வரை படத்தில் வேலை செய்தவர்களைப் பேட்டி எடுத்து வைத்திருந்தார். படம் ஓடுமா ஓடாதா என்றே எவருக்கும் தெரியாத நேரம் அது. வெற்றிக்குப் பிறகு எடுக்கும் பேட்டியில் எல்லோருக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருக்கும். இந்தப் பேட்டிகளில் அந்தப் பூச்சு இல்லை, குழப்பமும் பயமும் பணப் பிரச்சினையும் அப்படியே இருக்கின்றன. ரின்ஸ்லர் அடுத்த இரண்டு படங்களுக்கும் 2010, 2013-ல் இதே மாதிரி எழுதினார். ஏலியன் படத்துக்கு 2019-ல் எழுதினார். 2021-ல் அவர் காலமானது இந்தத் துறைக்கே பெரிய இழப்பு என்றுதான் நினைக்கிறேன், அந்தப் பொறுமையோடு ஆவணங்களைத் தோண்டுகிறவர்கள் மிகக் குறைவு.

ஏலியன் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று படுகிறது, எச்சரிக்கைக் குறி என்று எழுதியிருந்தீர்களே. நாஸ்ட்ரோமோ கலத்துக்குள் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னச் சதுரக் குறிகளை வடிவமைத்தவர் ரான் காப். காற்றழுத்தம் இல்லாத இடம், செயற்கை ஈர்ப்பு உள்ள இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி, ஒரு முழுத் தொகுதியாகவே வரைந்தார். திரையில் பல குறிகள் சில நொடிகள்கூடத் தெரியாது. அந்தப் படத்தில் மனிதர்கள் சம்பந்தப்பட்டதைக் காப் போன்றவர்களிடமும், வேற்றுயிர் சம்பந்தப்பட்டதை சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கீகரிடமும் கொடுத்தார்கள். விண்வெளி உடைகளுக்கு பிரெஞ்சுக் காமிக்ஸ் ஓவியர் மோபியஸ். ஒரு பக்கம் எண்ணெய்க் கிணற்று மேடை மாதிரி அழுக்கும் குழாயுமாக, இன்னொரு பக்கம் எலும்பும் சதையுமாக. இரண்டும் ஒரே கையால் வரையப்பட்டிருந்தால் அந்த அந்நியத்தன்மை வந்திருக்கவே வராது. 1979-லேயே வந்த தி புக் ஆஃப் ஏலியன் இந்தப் பிரிவினையை நன்றாகக் காட்டும், அதோடு ரின்ஸ்லரின் புத்தகத்தையும் வைத்துக்கொண்டால் வேறெதுவும் தேவையில்லை. இந்தப் படத்துக்கான வேலைகளைப் பற்றிய கீகரின் சொந்தப் புத்தகமும் இருக்கிறது, ஆனால் அதைப் பத்து வயதுக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். அவர் ஓவியங்கள் பெரியவர்களுக்கானவை.

நாலாவது தளம் எழுதியது:

எல்லோரும் ஒரேயடியாகத் திரைக்குப் பின்னால் போய்விட்டீர்கள். அந்தக் குழந்தையை மறந்துவிட்டீர்களே.

கதை உலகத்துக்குள்ளேயே இருந்து எழுதப்படும் புத்தகங்கள் என்று ஒரு வகை உண்டு. இதில் நடிகர் இல்லை, இயக்குநர் இல்லை, அந்தக் கலம் உண்மையிலேயே இருக்கிறது என்ற நினைப்பில் அதன் எஞ்சின் எங்கே, சமையலறை எங்கே, குளிர்விக்கும் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று காட்டுவார்கள். பெரியவர்கள் இதைச் சிறுபிள்ளை விஷயம் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. டிகே வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் விஷுவல் டிக்‌ஷனரியும் குறுக்குவெட்டுப் படங்கள் புத்தகமும் 1998-ல் வந்தவை. எழுதிய டேவிட் வெஸ்ட் ரெனால்ட்ஸ் படித்தது தொல்லியல். அதனால்தான் ஒரு பாத்திரத்தின் இடுப்புப் பட்டையையோ பையையோ அகழ்வில் எடுத்த பொருளை விளக்குவது போல விளக்குகிறார். துனீசியாவில் முதல் படம் எடுக்கப்பட்ட பாலைவன இடங்களைத் தேடிக் கண்டுபிடித்தவரும் அவரே. ஹான்ஸ் ஜென்சன், ரிச்சர்ட் சேஸ்மோர் இருவரும் வரைந்த குறுக்குவெட்டுகளில் ஒரு இரட்டைப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். குழந்தைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதே வகையில் பெரியவர்களுக்கு என்றால் ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் டெக்னிக்கல் மேனுவல், 1991, ரிக் ஸ்டெர்ன்பாக்கும் மைக்கேல் ஒக்குடாவும் எழுதியது. இது ரசிகர்களுக்காகத் தொடங்கிய புத்தகமே இல்லை. தொடருக்குக் கதை எழுதுகிறவர்கள் ஒரு வாரம் ஒரு மாதிரியும் அடுத்த வாரம் வேறு மாதிரியும் எழுதிவிடாமல் இருக்க, கலம் எப்படி இயங்குகிறது என்று உள்ளுக்குள் கொடுத்த குறிப்பேடுதான் வளர்ந்து புத்தகமாயிற்று. அப்படிப் பார்த்தால் இதுவும் திரைக்குப் பின்னால் உள்ள ஆவணம்தானே?

வால்நட்சத்திரம் எழுதியது:

அடேங்கப்பா, இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. ரொம்ப நன்றி. அந்தக் குறிகளை வரைந்தவர் பெயர் இன்றுதான் தெரிந்தது, இனி அவர் வேலையைத் தேடிப் பிடித்துப் பார்ப்பேன்.

குறுக்குவெட்டுப் புத்தகம் உறுதி. இன்னும் இரண்டு கேள்வி. விஞ்ஞானத்தை ஒழுங்காகச் சொல்லும் துணைப் புத்தகம் ஏதாவது உண்டா? அப்புறம் அச்சில் இல்லாத பழைய புத்தகங்களைப் பற்றி. கூப்ரிக் இயக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு நல்லதாக ஒன்று கிடைக்குமா?

கருந்துளை எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கிப் தோர்ன் எழுதிய தி சயின்ஸ் ஆஃப் இன்டர்ஸ்டெல்லார், 2014. படத்தின் அறிவியல் ஆலோசகரே எழுதியது, பிறகு 2017-ல் ஈர்ப்பலை ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எது உறுதியான உண்மை, எது படித்தவர்களின் ஊகம், எது வெறும் கற்பனை என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் அடையாளம் போட்டுப் பிரித்துச் சொல்வதுதான்.

படத்தில் வரும் கருந்துளை வெறும் அழகுக்கு வரைந்தது இல்லை. தோர்ன் கொடுத்த சமன்பாடுகளை டபுள் நெகட்டிவ் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தார் மென்பொருளாக எழுதி, ஒளி எப்படி வளைந்து வரும் என்று கணக்கிட்டு எடுத்தது. கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டின் பின்பக்கம் அதற்கு மேலும் கீழும் வளைந்து தெரிவது அதனால்தான். 2015-ல் இதை ஆய்விதழில் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். ஆனால் ஒரு சமரசம் செய்தார்கள், அதை மறைக்கவும் இல்லை: தட்டு வேகமாகச் சுழல்வதால் நம்மை நோக்கி வரும் பக்கம் பளிச்சென்றும் விலகிப் போகும் பக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும். பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று அதை விட்டுவிட்டார்கள். நல்ல துணைப் புத்தகத்துக்கு இந்த நேர்மைதான் வேண்டும். படங்கள் ஆர்ட் புக் அளவுக்குப் பெரிதாக இருக்காது, வாசிக்கத்தான் வாங்க வேண்டும்.

பழம்புத்தகம் எழுதியது:

2001 பற்றி. அந்தப் படத்துக்கு இது ஒரு தனிச் சிக்கல். வேறு படங்களில் பயன்படுத்திவிடுவார்கள் என்று கூப்ரிக் மாடல்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிடச் சொன்னார் என்பார்கள். அதனால் புத்தகங்களில் மிஞ்சியிருக்கும் புகைப்படங்களுக்கும் வரைபடங்களுக்கும் மதிப்பு அதிகம். 1970-ல் ஜெரோம் ஏகல் தொகுத்தது சின்ன பேப்பர்பேக்தான், நடுவில் தடிமனாகப் புகைப்படப் பகுதி, படம் வந்து இரண்டே ஆண்டில் வந்ததால் அப்போதைய கடிதங்கள், விமர்சனங்கள் எல்லாம் சுடச்சுட இருக்கும். பெரிதாக வேண்டுமென்றால் பியர்ஸ் பிசோனி எழுதி டாஷன் வெளியிட்டது, 2014-ல் முதலில் குறைந்த பிரதிகளாகவும் அப்புறம் சாதாரணப் பதிப்பாகவும் வந்தது. நீங்கள் சாதாரணப் பதிப்பையே தேடுங்கள். நாஸாவிலிருந்து வந்து இந்தப் படத்தில் சேர்ந்த ஹாரி லேங், ஃப்ரெடரிக் ஆர்ட்வே இருவரின் பங்கை அதில் கவனித்துப் படியுங்கள். விண்கலங்கள் ஏன் இன்றும் பழசாகத் தெரியவில்லை என்பதற்குப் பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பழைய புத்தகங்களில் ஒரு எச்சரிக்கை. 1982-ல் வந்த பிளேட் ரன்னர் ஸ்கெட்ச்புக் மாதிரி மறுபதிப்பு வராத புத்தகங்களுக்குச் சேகரிப்பாளர்கள் வைக்கும் விலைக்கும் உள்ளடக்கத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அந்தப் படத்துக்கு வரைந்த சிட் மீட் ஓவியங்கள்தானே வேண்டும்? அவரது திரைப்பட வேலைகளை மட்டும் தொகுத்து டைட்டன் 2017-ல் போட்ட புத்தகம் இருக்கிறது. பிளேட் ரன்னருக்கு முதலில் அவரை வண்டிகளை வடிவமைக்கத்தான் கூப்பிட்டார்கள். வண்டிக்குப் பின்னால் தெருவையும் சேர்த்து அவர் வரைந்து அனுப்பியதைப் பார்த்த இயக்குநர் ரிட்லி ஸ்காட் நகரத்தையே அவரிடம் கொடுத்தார். அந்தத் தெருக்களைப் பெரிய அளவில் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது மூன்று இடத்தைத் திறந்து பாருங்கள். படவிளக்கத்தில் ஓவியர் பெயர் இருக்கிறதா, கடைசியில் பெயர் அடைவு இருக்கிறதா, இரட்டைப் பக்க ஓவியத்தின் நடுப்பகுதி பைண்டிங்குக்குள் போய்விடுகிறதா. மூன்றாவது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கலத்தின் முகப்பே மடிப்புக்குள் மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இருட்டுத்திரை எழுதியது:

படம் பார்க்கும் முன் படிக்கலாமா என்று கேட்டதற்கு எவரும் பதில் சொல்லவில்லை. புதுப் படமென்றால் வேண்டாம். ஆர்ட் புக்கில் முடிவுக் காட்சி ஓவியம்கூட நடுப்பக்கத்திலேயே வந்துவிடும். இன்னொன்று, படத்தோடு சேர்ந்து வெளியாகும் புத்தகம் படம் முடியும் முன்பே அச்சுக்குப் போயிருக்கும், கடைசி நேரத்தில் மாறியது எதுவும் அதில் இருக்காது. அவசரமில்லை என்றால் சில ஆண்டுகள் கழித்து வரும் புத்தகத்துக்குக் காத்திருங்கள், அதற்குள் பேசக் கூடாததையெல்லாம் பேச ஆரம்பித்திருப்பார்கள். குறுக்குவெட்டுப் புத்தகத்துக்கு மட்டும் இந்த விதி கிடையாது, அக்கா மகளிடம் தாராளமாக இன்றே கொடுக்கலாம்.